ஓடுவதா, நடப்பதா? ஐம்பதை ஒட்டியவர்களுக்கு ஒரு கார்டியோ (இதயத்துக்கான பயிற்சி) ஒப்பீடு

காலையில் நான் போகும் மைதானத்தில் இரண்டு சுற்று முடித்து உட்கார்ந்தால், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து இதைக் கேட்பார். "சார், எனக்கு ஐம்பத்திரண்டு. சுகர் இப்பதான் தொட்டிருக்கு. டாக்டர் வாக்கிங் போங்கன்னார். பையன், வாக்கிங் எல்லாம் பத்தாதுப்பா, ஓடுங்கங்கிறான். எது சரி?" பெண்கள் கேட்பது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். "அண்ணா, எலும்பு தேய ஆரம்பிச்சிருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு. ஸும்பா டான்ஸ் வகுப்புல சேரலாமா, இல்ல முட்டி போயிடுமா?"

இந்த இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் பதிலைத் தேடிப் போகிற வழி ஒன்றுதான். நான் மருத்துவன் இல்லை. 49 வயதில் ஓட ஆரம்பித்து, குதிகால் வலியால் நான்கு மாதம் வீட்டில் முடங்கி, மறுபடி எழுந்து, இப்போது 61 வயதில் நடை, ஓட்டம், சைக்கிள் மூன்றையும் கலந்து செய்கிறவன். அந்த நான்கு மாதத்தில் படித்ததும், அதற்குப் பிறகு என் உடம்பிலும் மைதானத்து நண்பர்களிடமும் பார்த்ததும்தான் இங்கே இருக்கிறது.

## முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஜிம்மில் லோ இம்பாக்ட், ஹை இம்பாக்ட் என்று இரண்டு சொற்களைச் சொல்வார்கள். அதிர்வு குறைந்தது, அதிர்வு மிகுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும் கோடு எளிது. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில், மிதியில் அல்லது தண்ணீரின் தாங்கலில் இருந்தால் அது அதிர்வு குறைந்தது: நடை, சைக்கிள், நீச்சல், ஜிம்மில் இருக்கும் கிராஸ் டிரெய்னர். இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டுப் போய்த் திரும்ப வந்து மோதினால் அது அதிர்வு மிகுந்தது: ஓட்டம், ஸ்கிப்பிங், துள்ளல் நிறைந்த ஸும்பா, ஷட்டில்.

நடக்கும்போது ஒவ்வொரு காலடியிலும் நம் எடையைப் போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு விசை தரையிலிருந்து காலுக்குத் திரும்பி வருகிறது. ஓடும்போது அது இரண்டு முதல் மூன்று மடங்கு. 70 கிலோ எடை உள்ளவர் ஓடினால், ஒரு காலடிக்கு 140 முதல் 210 கிலோ. ஒரு கிலோமீட்டர் மெதுவோட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலடிகள்.

இது காலுக்கு எவ்வளவு அடி விழுகிறது என்ற கணக்கு. இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைக்கின்றன என்பது தனிக் கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசித் தவறான முடிவுகள் வருகின்றன. மலைப்படியில் விறுவிறுவென ஏறிப் பாருங்கள், அதிர்வு குறைவு, மூச்சு இரைக்கும். நீச்சல் குளத்தில் நிற்காமல் நான்கு முறை போய்வாருங்கள், காலில் அடியே இல்லை, நெஞ்சு படபடக்கும். "வயசாயிடுச்சு, இனிமே மெதுவாத்தான்" என்று சொல்கிறவர்கள் அதிர்வைக் குறைக்கப் போய் உழைப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். முட்டிக்காக அதிர்வைக் குறைக்க வேண்டி வரலாம். அதற்காக இதயத்தைச் சோம்பலாக வைத்திருக்க வேண்டியதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஐந்தாறு விஷயங்கள்.

முதலாவது மூட்டு. படி இறங்கும்போது முட்டி வலிக்கிறதா? காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? பழைய அடி, அறுவை ஏதாவது உண்டா?

இரண்டாவது எலும்பு. பெண்கள் இதை முதலில் வைக்க வேண்டும் என்பேன். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். அம்மாவுக்கோ பாட்டிக்கோ இடுப்பெலும்பு உடைந்த வரலாறு இருந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது இதயமும் சர்க்கரையும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். ஆகவே இதைப் படிப்பவர்களில் நிறையப் பேருக்கு இது சொந்த விஷயம். பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர், சுகர், பிரஷர், புகை, குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு, இதில் ஏதாவது இருந்தால் வேகமான பயிற்சிக்கு முன் இசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் இவற்றில் எது தேவை என்று மருத்துவரைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பழக்கமில்லாத உடம்பு திடீரெனக் கடுமையாக உழைக்கும்போதுதான் மாரடைப்பின் ஆபத்து கூடுகிறது. அதே உழைப்பு பழகப் பழக அந்த ஆபத்து குறைகிறது.

நான்காவது, கால் வலுவும் சமநிலையும். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆகிறதென்றால், ஓடலாமா என்ற கேள்விக்கு முன்னால் தொடையை வலுப்படுத்த வேண்டும். பிறகு சுவரோரமாக ஒற்றைக் காலில் பத்து வினாடி நின்று பாருங்கள்.

அப்புறம் நேரம், பணம், பாதை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்கிறது. அதாவது மூச்சிரைக்கும் ஒரு நிமிடம், மிதமான இரண்டு நிமிடத்துக்குச் சமம். இரண்டையும் கலந்தும் கணக்கை நிரப்பலாம். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65-ஐத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த உடற்பயிற்சி வாரம் மூன்று நாள்.

மிதமா, கடுமையா என்று எப்படி அறிவது? பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமை. நாடித் துடிப்பின் உச்ச அளவை அறிய 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பலருக்குப் பொருந்தாது. பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்கள் கைக்கடிகாரத்தை நம்பினால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவார்கள்.

## ஒரு பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | அதிர்வு குறைந்தவை | அதிர்வு மிகுந்தவை |
|---|---|---|
| இதயம், நுரையீரல் | வேகம் கூட்டினால் முழுப் பலன், சாவகாசமாகச் செய்தால் பாதிகூட இல்லை | குறைந்த நேரத்தில் நல்ல பலன் |
| முட்டி, குதிகால் | பெரும்பாலும் பாதுகாப்பு | மெதுவாகக் கூட்டினால் தாங்கும், அவசரப்பட்டால் மாதக்கணக்கில் ஓய்வு |
| எலும்பு | நீச்சல், சைக்கிள் உதவாது, நடை ஓரளவு | நல்லது, ஆனால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் ஆபத்து |
| விழாமல் இருக்க | நடைக்கு ஓரளவு உண்டு | காலின் துரிதம் கூடும் |
| வாரத்துக்கு நேரம் | 150 நிமிடம் முதல் | 75 நிமிடம் முதல், தசைப் பயிற்சி தனி |
| வெளிப்படையான செலவு | நடைக்கு இல்லை, நீச்சலுக்கும் ஜிம்முக்கும் கட்டணம் | நல்ல ஷூ |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | மந்தமாகிப் போவது | காயமும், அதனால் எல்லாமே நின்றுபோவதும் |

## அதிர்வு குறைந்த பயிற்சிகள்

நடை. தமிழ்நாட்டில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸிலும் மெரினாவிலும் காலை ஐந்தரைக்கே கூட்டம் நிற்கும். 2023-ல் அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் தொடங்கியது. பாதை இருக்கிறது, காசு வேண்டாம். குறை என்னவென்றால், நம்மில் பலர் நடப்பதில்லை, உலாவுகிறோம். நாலு பேர் கைகோத்து, அரசியல் பேசி, முடிந்ததும் வடையோடு ஒரு காபி. அந்தப் பேச்சும் நட்பும் மனதுக்கு அவசியம்தான். ஆனால் அதை இதயத்துக்கான பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது.

நிமிடத்துக்கு 100 காலடி வைத்தால் மிதமான உழைப்பு. 130-ஐ ஒட்டினால் கடுமையை நெருங்குகிறது. பத்து வினாடியில் எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணி ஆறால் பெருக்கினால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முறை ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது. மூன்று நிமிடம் விரைவாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி மாற்றி மாற்றி ஐந்து முறை, வாரத்துக்கு நான்கு நாள். சராசரி 63 வயதானவர்களை வைத்து ஐந்து மாதம் செய்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். சீரான வேகத்தில் நடந்தவர்களைவிட, மாற்றி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் அதிகம் கூடின, மேல் ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது. ஒரு அடிகூட ஓடாமல் கிடைத்த பலன் இது. "வாக்கிங் பத்தாது" என்று சொல்லும் பிள்ளைகளிடம் இதைக் காட்டலாம்.

பூங்காக்களில் எட்டு வடிவக் கோட்டில் நடப்பவர்களையும் பார்க்கிறோம். திரும்பித் திரும்பி நடப்பதால் கவனமும் சமநிலையும் தேவைப்படுகிறது, அந்த வகையில் நல்லது. ஆனால் அந்தச் சின்ன வளைவில் வேகம் எடுக்க முடியாது. அதை மட்டும் செய்துவிட்டு இதயத்துக்கும் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது.

படி ஏறுவது அருமையான பயிற்சி. இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும். வலி உள்ளவர்கள் அடுக்குமாடியில் படியேறிப் போய் லிஃப்டில் இறங்கலாம்.

நீச்சலும் தண்ணீரில் நடையும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் காலில் இறங்குகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. முட்டித் தேய்மானம் முற்றியவர்கள், எடை 95, 100 கிலோவைத் தாண்டியவர்கள் வலி இல்லாமல் மூச்சிரைக்க உழைக்கக்கூடிய ஒரே இடம் பெரும்பாலும் இதுதான். நீச்சல் தெரியாவிட்டாலும் மார்பளவு தண்ணீரில் நடக்கலாம். பிரச்சினை, குளம் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையில் மெரினா நீச்சல் குளமும் வேளச்சேரி நீச்சல் வளாகமும் இருக்கின்றன. சிறு ஊர்களில் கிணறும் வாய்க்காலும்தான், அறுபது வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அவை தோதானவை அல்ல. கட்டணம், போகவர ஆகும் நேரம், பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் நமக்கு ஒத்துவருமா என்பது, குளித்துத் தலை துவட்டும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அரை மணி நீச்சலுக்கு ஒன்றரை மணி போய்விடும்.

சைக்கிள். முட்டிக்கு இதம். சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட்டைத் தாழ வைத்து ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், அதையும் "வயசு" என்று நினைத்துக்கொள்வோம். சாலைப் பயம் இருந்தால் வீட்டில் நிறுத்தி மிதிக்கும் சைக்கிள். அதுவும் இரண்டாம் மாதத்தில் துணி காயப்போடும் கம்பி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சிக்கு எதிரில் போட்டு வைத்தவர்கள் தொடர்ந்து மிதிக்கிறார்கள், மாடி அறையில் போட்டவர்கள் விட்டுவிடுகிறார்கள். இது நான் கண்டது.

மறைந்திருக்கும் செலவு. இந்த வகைப் பயிற்சிகளின் பெரிய குறை எலும்பு. எலும்பு தன்மேல் விழும் பாரத்தையும் அதிர்வையும் உணர்ந்துதான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. தண்ணீரில் மிதக்கும்போதும் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சேதி அதற்குப் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் மணிக்கணக்காகச் சைக்கிள் பந்தயம் ஓட்டும் வீரர்களுக்கே முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நீச்சல் மட்டும், சைக்கிள் மட்டும் என்று இருக்கும் ஐம்பது வயதுப் பெண், இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு எலும்பைக் கைவிட்டவர் ஆகிவிடுகிறார். இரண்டாவது குறை, உடம்பு பழகிக்கொள்வது. ஒரே பாதை, ஒரே வேகம், ஆறு மாதம் கழித்து அது பயிற்சியாக இருப்பதில்லை.

யாருக்கு இதுவே மேல்? முட்டி, இடுப்புத் தேய்மானம் உள்ளவர்கள். எடை அதிகம் உள்ளவர்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முட்டியின் மேல் விழும் பாரம் அடிக்கு நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஆகவே அவர்கள் முதலில் எடையை இறக்கிவிட்டு ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள், விழித்திரையில் ரத்தக் கசிவு ஆபத்து உள்ளவர்கள். இவர்களுக்குத் துள்ளலும் குதித்தலும் கூடாது. பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடப்பதையும் தவிர்க்க வேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நேர்த்திக்கடன் என்று வெறுங்காலில் சூடான தாரில் நடந்து, கொப்புளம் போட்டதே தெரியாமல் வீடு வந்து, அது புண்ணாகி அவதிப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மாலையிலோ இரவிலோ, காலுறையோடாவது நடந்திருக்கலாம் என்று இன்றும் அவருக்காக வருத்தப்படுகிறேன்.

## அதிர்வு மிகுந்த பயிற்சிகள்

"ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்" என்பதை நம் ஊரில் சத்தியவாக்கு போலச் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், உடல்நலத்துக்காக அளவாக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே முட்டி அல்லது இடுப்புத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். அளவான ஓட்டம் மூட்டைத் தின்பதில்லை, அளவு மீறிய ஓட்டமும் ஓடாமையும்தான் கவலைக்குரியவை. ஏற்கெனவே முட்டி கெட்டவர் ஓடவே வந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 50 வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984 முதல் இருபது வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். 19 வருடம் கழித்துப் பார்த்தபோது, ஓடியவர்களில் 15 சதவீதம் பேரும் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். நடக்க, எழ, உடுத்தச் சிரமம் வந்ததும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டு தள்ளித்தான். இங்கேயும் ஓட வந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்ற சந்தேகம் உண்டு. ஆனால் எழுபது வயதில் ஓட்டத்தைப் பயப்பட வேண்டிய ஒன்றாக நினைப்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை. நம் ஊரிலேயே, மருத்துவத்துறை அமைச்சராகப் பொறுப்பு வகித்த மா. சுப்பிரமணியன் அறுபதைத் தாண்டியும் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்கள் ஓடியவர்.

எலும்புக்கும் அதிர்வுதான் மருந்து. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், எலும்பு மெலிந்திருந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து எட்டு மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கனமான எடை தூக்கியது, கம்பியைப் பிடித்துத் தொங்கிக் குதித்து இறங்கியது. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே குதிக்க ஆரம்பிக்க வேண்டாம். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று, முதல் மாதம் வெறும் உடல் எடையோடு பழக்கிவிட்டுத்தான் குதிக்க வைத்தார்கள். எலும்பு மிகவும் மெலிந்து, முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு லாபம் பலரும் யோசிக்காதது. வயதாக ஆக, வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. கால் தடுக்கும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்னால் போட்டுத் தாங்குவது அந்த இழைகளின் வேலை. மெதுநடை அவற்றைத் தொடுவதே இல்லை. ஓட்டமும் சின்னத் துள்ளலும் தொடுகின்றன. என் அம்மா வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, தினம் நடக்கிறவர் எப்படி விழுந்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

மறைந்திருக்கும் செலவு. ஓட்டத்துக்குக் காசே வேண்டாம் என்பார்கள். நல்ல ஷூ சில ஆயிரம் ரூபாய், அது 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தன் மெத்தையை இழந்துவிடும். மேல்பாகம் புதிது போல இருக்கும், அதனால் ஏமாந்து ஓடிக்கொண்டிருப்போம். ஆனால் பெரிய செலவு காயம்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் முன்னேறிவிடும். தசைநாரும் எலும்பும் அதைப் பிடிக்க மாதங்கள் ஆகும். "நல்லா ஓட முடியுதே" என்று தோன்றும் ஆறாவது, எட்டாவது வாரம்தான் ஆபத்தான வாரம். என் குதிகால் போனது அந்தச் சமயத்தில்தான். சிமெண்ட் சாலையில் தினமும் ஐந்து கிலோமீட்டர், ஓய்வு நாளே கிடையாது. வலி போன பிறகும் பயம் போகவில்லை. காயத்தின் உண்மையான விலை பிசியோதெரபி கட்டணம் மட்டும் இல்லை, அந்த நான்கு மாதத்தில் ஏறிய ஆறு கிலோவும் தூக்கம் கெட்டதும்தான்.

பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒன்று உண்டு. குதிக்கும்போது சிறுநீர் கசிவது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் இது மிகவும் சாதாரணம். இதனாலேயே ஸும்பா வகுப்பிலிருந்து காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்படித் தசைகளைச் சுருக்கி விரிக்கும் கீகல் பயிற்சியால் பலருக்கு இது நன்றாகக் குறையும். ஒரு பெண் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ வாய்விட்டுச் சொன்னால் போதும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென இறங்கும். பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்க வேண்டும். வேளையையும் மருந்தளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் ஆறரைக்கு மேல் ஓடுவதும் வேண்டாம். விடியலுக்கு முன் ஓடினால் தெருநாய். இவையெல்லாம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு பழக்கம் நிலைப்பதையும் நின்றுபோவதையும் முடிவு செய்வது இவைதான்.

யாருக்கு இதுவே மேல்? மூட்டு வலி இல்லாதவர்கள், எடை கட்டுக்குள் இருப்பவர்கள், தினம் அரை மணிக்கு மேல் ஒதுக்க முடியாதவர்கள், ஏற்கெனவே பல வருடமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள். கடைசி ஆட்களுக்கு ஒரு வார்த்தை: வயது அறுபதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டத்தை விட வேண்டாம். தூரத்தைக் குறையுங்கள், ஓய்வு நாளைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டி, காலடியின் நீளத்தைக் குறைத்தாலே முட்டியின் பாரம் நன்றாகக் குறைகிறது.

## ஷட்டிலைத் தனியாகச் சொல்ல வேண்டும்

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் ஓட்டத்துக்குப் பதிலாகத் தேர்ந்தெடுப்பது ஷட்டில். விளையாட்டு, நட்பு, வியர்வை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிறது, நானும் விரும்புவதுதான். ஆனால் நேர்க்கோட்டில் ஓடுவதைவிட இது கடினமானது. சட்டென்று பாய்ந்து, சட்டென்று நின்று, பின்னால் துள்ள வேண்டும். வாரம் முழுவதும் நாற்காலி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஷட்டில் என்றால் கெண்டைக்காலுக்குக் கீழே இருக்கும் குதிகால் நாண் அறுந்துபோவது இந்த வயதில்தான் நடக்கிறது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருந்தது என்பார்கள். வார நடுவில் இரண்டு நாள் நடையும் கெண்டைக்கால் பயிற்சியும் செய்யாதவர் ஞாயிறு ஷட்டிலைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவதை விட்டுவிடவே கூடாது. போட்டி வெறியில் நெஞ்சு இறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் "இந்த கேமை முடிச்சிடலாம்" என்று ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர்த் தலைசுற்றல், இதில் எது வந்தாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனை.

## இரண்டையும் கலக்க விரும்பினால்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இதயத்துக்கு வேண்டிய உழைப்பின் பெரும்பகுதியை அதிர்வு குறைந்த பயிற்சியில் எடுங்கள், எலும்புக்கும் துரிதத்துக்கும் வேண்டிய அதிர்வைச் சின்ன அளவில், அடிக்கடி கொடுங்கள். எலும்புக்கு நீண்ட ஓட்டம் தேவையில்லை. முட்டியும் முதுகும் நன்றாக இருப்பவர், கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நுனிக்காலில் எழுந்து குதிகாலைத் தொப்பென்று இறக்குவதைத் தினம் இருபது முறை செய்து தொடங்கலாம். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் பத்துச் சின்னக் குதிப்பு.

ஓட ஆசைப்படுகிறவர் முதலில் 45 நிமிடம் விறுவிறுவென வலியில்லாமல் நடக்கப் பழக வேண்டும். பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். மண் தரை கிடைத்தால் நல்லது. பள்ளி மைதானத்து மண், நெடுஞ்சாலை ஓரத்துச் சிமெண்டைவிட எவ்வளவோ மேல். கூட்டலாமா வேண்டாமா என்று அடுத்த நாள் காலைதான் சொல்லும். லேசான வலி வந்து மறுநாளுக்குள் போய்விட்டால் அதே அளவைத் தொடரலாம். மறுநாளும் வலி நின்றாலோ, நொண்ட வைத்தாலோ, முட்டி வீங்கினாலோ ஒரு படி இறங்க வேண்டும். எலும்பின் ஒரே புள்ளியில் விரலை வைத்தால் சுரீரென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம்.

எந்தப் பக்கம் போனாலும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நுனிக்காலில் எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது. இருபது நிமிடம் போதும்.

சரி, ஆரம்பத்தில் கேட்ட இருவருக்கு என்ன சொன்னேன்? ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு எடை 84 கிலோ, படி இறங்கும்போது வலது முட்டி முணுமுணுக்கும். மூன்று நிமிட மாற்றுநடை வாரம் நான்கு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் மொட்டைமாடியில் நடை, நாற்காலிப் பயிற்சி இரண்டு நாள். 78 கிலோவுக்கு வந்த பிறகு, டிரெட்மில் டெஸ்ட் முடிவோடு மருத்துவர் சரி என்றால், மகனோடு ஒரு நிமிட ஓட்டம் தொடங்கலாம் என்றேன்.

அந்த அம்மாவுக்கு முட்டி நன்றாகவே இருந்தது. ஸ்கேனில் எலும்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது என்ற அளவுதான், உடைந்த வரலாறு இல்லை. மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டிக் கேட்டுவிட்டு ஸும்பாவில் சேருங்கள், முதல் மாதம் துள்ளாமல் அதே அசைவுகளை நடந்தபடி செய்யுங்கள், கூடவே எடைப் பயிற்சிக்கும் வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்றேன். இப்போது நான்காவது மாதம். சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை அடுப்பு மேடையைப் பிடித்துக் குதிகால் இறக்கும் பயிற்சி செய்வதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு இரண்டு பேரையும் சேர்த்துவிட்டிருக்கிறார்.